கேட்டில் நின்று கேட்டவன்

ஐவோ லெப்பிக்குக்கு எதையும் செய்ய ஒரு விதி வேண்டும். விதி இருந்துவிட்டால் மழையில் நனைவான், பனியில் விறைப்பான், முகம் கோணாமல் செய்து முடிப்பான். விதி இல்லாத காரியத்துக்கு அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "இவன் அம்மா வயித்துலேர்ந்து வெளிய வர்றதுக்கே பலகையில நேரம் ஒட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் வந்திருப்பான்" என்பாள் லெய்டா. ஹாப்சலு நகரத்து மருந்துக்கடையில் வேலை செய்பவள் அவள். பள்ளியில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்பதால் அவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தனக்குத் தானே உரிமை எழுதிக்கொடுத்துக்கொண்டவள்.

அவன் அப்பா விர்ட்சுத் துறைமுகத்துக்குப் போன குறும்பாதை ரயிலில் கரி அள்ளிப் போட்டவர். அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபோது ஐவோவுக்கு மீசை அரும்பியிருந்தது. அப்பா அன்று சமையலறையில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியை உப்பில் தொட்டுக்கொண்டே சொன்னார்: "நான் இரும்ப நம்பினேன். கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீ ரப்பர நம்பு." ஐவோ ரப்பரை நம்பினான். முதலில் கூட்டுப்பண்ணையின் பால் வண்டி. பிறகு ஹாப்சலு டெப்போவில் மஞ்சள் நிற இக்காருஸ் பஸ். அந்த பஸ் கிளம்பினால் மூன்று ஊருக்குக் கேட்கும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வேறு எதுவும் கேட்காது.

கடற்கரை முழுக்க எல்லைக் காவல் பகுதியாக இருந்த காலம் அது. அனுமதிச் சீட்டு இல்லாதவரைக் கடலோர ஊர்களுக்கு ஏற்றிப் போகக் கூடாது என்று டெப்போவில் சொல்லியிருந்தார்கள். எல்லா ஓட்டுநர்களும் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள். ஐவோ மறக்கவில்லை. ஒருநாள் அவனுடைய அம்மாவே படியேறியபோது கையை நீட்டிச் "சீட்டு?" என்றான்.

"என்ன சீட்டு?"

"அனுமதிச் சீட்டு."

"உன்னப் பெத்ததுக்கு எனக்கு யார்டா அனுமதி குடுத்தா?" என்று கேட்டுக் கையிலிருந்த புகைபோட்ட மீன் பொட்டலத்தால் அவன் தொப்பியின் மேல் ஒரு போடு போட்டாள். தொப்பியில் அந்த வாசனை நெடுநாள் இருந்தது. ஊருக்குள் எல்லோருக்கும் அதன் காரணமும் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்டவன் வாழ்க்கையில் பாயுலா ரயில்வே கேட் குறுக்கே வந்தது.

பாயுலா என்பது காட்டின் விளிம்பில் இருக்கும் சிறிய ஊர். தலைநகர் தாலினிலிருந்து ஹாப்சலு போகும் ரயில் பாதை அங்கே பஸ் சாலையைக் குறுக்காகக் கடந்தது. பாதையை ஒட்டி மஞ்சள் வர்ணம் அடித்த கேட் வீடு. அதில் இருந்தவள் வல்வே. எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குக் காவல் என்று பொருள். பெயர் வைத்த கையோடு வேலையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் போல என்று எல்லோரும் ஒரு தடவையாவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். எல்லோருக்கும் அவள் ஒரே மாதிரிதான் சிரித்தாள். அதாவது, சிரிக்கவில்லை.

அவள் புருஷன் ஒருநாள் காலை ரயிலேறிப் போனவன் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால் வல்வே சொல்வாள்: "அந்த வண்டிக்குக் கேட்ட சாத்தி, கொடிய காட்டி அனுப்பினதே நான்தான். தடங்கல் இல்லாம போய்ச் சேந்தான். என் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது."

பிறகு கேட்டையும் எடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று, வீடு மட்டும் அவளுக்கு நின்றது. அவள் மரம் அறுக்கும் ஆலையின் உணவுக்கூடத்தில் சூப் கிண்டப் போனாள். கேட் இருந்த இடத்தில் 'நில்' பலகை ஒன்றை நட்டுவைத்தார்கள். கூடவே டெப்போவில் ஒரு விதியும் வந்தது. ஆளில்லாத கேட்டில் பஸ் நிற்க வேண்டும். முன்கதவைத் திறக்க வேண்டும். ரயில் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் போக வேண்டும்.

மற்ற ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், கதவை ஒரு தடவை மூச்சு விடுவதுபோலத் திறந்து மூடுவார்கள். ஐவோ நின்றான். திறந்தான். எஞ்சினையும் அணைத்தான், ஏனென்றால் இக்காருஸ் உறுமிக்கொண்டிருந்தால் ரயில் மடியில் வந்து உட்கார்ந்தாலும் கேட்காது. அப்படி அணைத்த முதல் காலையில் காட்டின் அமைதி பஸ்ஸுக்குள் வந்து நிறைந்தது. அந்த அமைதியில் வேலிப் பக்கம் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த வல்வே நிமிர்ந்து பார்த்தாள்.

இப்போது ஐவோவுக்கு ஒரு சங்கடம். விதியில் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. யாரைக் கேட்பது என்று இல்லை. எதிரே இருப்பவளோ எத்தனையோ வருஷம் ரயிலையே கவனித்துக்கொண்டிருந்தவள்.

"வணக்கம். ரயில் வருதுங்களா?" என்றான்.

அவள் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "இல்லங்க."

"நன்றிங்க."

கதவு மூடியது. பஸ் போயிற்று. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. குளிர்காலம் வந்ததும் அவள் ஒரு ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள். கேட்டதற்கு, "வாய் காஞ்சுபோய்க் கேக்கறீங்க, ரயிலுக்கே பாவமா இருக்கும்" என்றாள். அவன் படியில் குனிந்து வாங்கி, மூன்று மடக்கில் குடித்து, மூடியைத் திருப்பிக் கொடுத்தான். பணியில் இருக்கும்போது காபி குடிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பாவம், அதையும் தேடிப் பார்த்திருக்கிறான்.

பஸ்ஸில் வழக்கமாக வருபவர்கள் இதை மழையைப் போல, பனியைப் போல ஏற்றுக்கொண்டார்கள். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை லெய்டாவுடையது. கதவுப் பக்கத்து இருக்கை மெய்ன்ஹார்டுடையது. அந்தக் கிழவர் வலையில் விழுந்த தட்டை மீன்களை வாளியில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். நாற்பதைத் தொட்டிருந்த ஐவோவை அவர் இன்னும் 'பையா' என்றுதான் கூப்பிட்டார்.

"பையா, என் மீன் நாறிப் போறதுக்குள்ள கேட்டு முடிச்சிருவியா?"

"விதிங்க."

"விதிதான், விதிதான். கன்னம் செவந்திருக்கே, அதுவும் டெப்போ விதியா?"

சாலைகளுக்கும் பாதைகளுக்கும் எங்கள் மாவட்டத்தில் இருந்த ஆயுசு கொஞ்சம்தான். மாஸ்கோ ஆட்சி போய் நாடு மாறியது. எல்லைக் காவல் போயிற்று. அனுமதிச் சீட்டும் போயிற்று. கூட்டுப்பண்ணை உடைந்தது. இக்காருஸ் போய் ஸ்வீடனில் ஓடிக் களைத்த பஸ் ஒன்று வந்தது. அதன் கதவு தும்முவதுபோல் திறந்தது. பிறகு பயணிகள் ரயிலும் நின்றது. எப்போதாவது மரம் ஏற்றிய சரக்கு வண்டி. அதுவும் பிறகு ஆடிக்கொருதரம். கடைசியில் தண்டவாளத்தின் நடுவே பிர்ச் கன்றுகள் முளைத்தன.

ஆனால் தண்டவாளம் இருந்தது. பலகை இருந்தது. ஆகவே விதி இருந்தது. தன் தாடையளவு பிர்ச் மரம் வளர்ந்து நின்ற பாதையைக் காட்டி ஐவோ கேட்டான்: "ரயில் வருதுங்களா?"

"இன்னிக்கு வராதுங்க."

"நன்றிங்க."

அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஹாப்சலுவில் நீராவிக் குளியலறையில் அவன் நுழைந்தால் மேல் படியிலிருந்து யாராவது ஒருவர், "ஐவோ, ரயில் வருதா?" என்று கேட்பார்கள். அவன் மரியாதையாக, "இல்லை" என்று பதில் சொல்வான். அதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் எதற்கென்று தெரியாததுபோலக் கூடச் சிரிப்பான்.

இத்தனைக்கும் நடுவே அவனும் வல்வேயும் 'நீங்க'விலிருந்து ஒரு அங்குலம் நகரவில்லை. எங்கள் பக்கம் அது சாதாரண விஷயமில்லை. ஒருவரை 'நீ' என்று கூப்பிடத் தொடங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இனி நாம் நீ, நான். சொல்லாமல் தானாகச் சறுக்க முடியாது. சொன்ன பிறகு திரும்பவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரரை நாற்பது வருஷம் 'நீங்க' என்றே அழைத்து, அவர் கல்லறையில் பூ வைக்கும்போதும் 'நீங்க' என்றே பேசுகிற ஜனங்கள் நாங்கள். இந்த விஷயத்தில் முதல் வார்த்தையை ஆணா பெண்ணா யார் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஐவோ காத்திருந்தான்.

ஒரு கடுங்குளிர் வருஷம் கடல் வளைகுடா நன்றாக உறைந்து இறுகி, ஹாப்சலுவிலிருந்து எதிர்க்கரை நோரோட்சிக்குப் பனிப்பாதை திறந்தார்கள். வல்வேயின் தங்கை அந்தக் கரையில் இருந்தாள், அவளுக்குப் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. காபி மூடியைத் திருப்பி வாங்கும்போது வல்வே வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சுத்துவழியா போனா அரை நாள் ஆகும். ஐஸ் வழியா யாராவது வண்டி எடுத்தா பத்து நிமிஷம்."

மெய்ன்ஹார்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டார். லெய்டா மூச்சை நிறுத்தினாள்.

"எங்கிட்ட மஸ்க்விச் கார் இருக்குங்க" என்றான் ஐவோ. அவன் வாழ்நாளில் விதி இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நடந்ததை வல்வேதான் லெய்டாவிடம் சொன்னாள், லெய்டா மாவட்டத்துக்குச் சொன்னாள். பனிப்பாதைக்கென்று தனி விதிகள் உண்டு. ஐஸ் உடைந்தால் வெளியே குதிக்க வசதியாக இருக்கை வாரைக் கட்டக் கூடாது. முன்வண்டியிலிருந்து நெடுந்தூரம் விலகிப் போக வேண்டும். வழியில் நிற்கவே கூடாது. ஐவோ நத்தையைப் போல நகர்ந்தான். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, கண்ணை வெள்ளையில் நட்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிலும் வானம், கீழே கடல், வண்டிக்குள் இரண்டு பேர். ஒரு மனுஷன் மனதில் இருப்பதைச் சொல்ல இதைவிட என்ன இடம் வேண்டும்?

பாதி வழியில் வல்வேயே பேசினாள். "ஐஸ் மேல நிக்கக் கூடாதுன்னு ஒரு விதி. கேட்டுல நிக்கணும்னு ஒரு விதி."

"ஆமாங்க."

"உங்களுக்குன்னு ஒரு விதி எப்ப வரும்?"

ஐவோ ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான். எதிர்க்கரைச் சரிவில் சக்கரம் ஏறியதும் சொன்னான்: "பாத வழுக்குதுங்க. கரைக்கு வந்ததும் பேசலாம்னு இருந்தேன்." கரைக்கு வந்ததும் தங்கை ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டாள். திரும்பும்போது தங்கையும் மாப்பிள்ளையும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள்.

"உனக்கு வாய் எதுக்குடா குடுத்தாங்க?" என்றாள் லெய்டா மறுநாள். "ஃபிளாஸ்க் மூடிய வைக்கவா?"

"நாளைக்குப் பேசுவேன்."

"நாளைக்கு எப்பவும் கேட் இருக்கும்னு நெனைக்கற நீ."

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ரப்பரை நம்பச் சொன்ன அப்பாவின் பேச்சைக் கேட்டவன், தனக்கு வேண்டிய ஒரே இடத்தில் இரும்பை நம்பிவிட்டான்.

தண்டவாளத்தை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி சந்தையில் மெய்ன்ஹார்டின் காதில் விழுந்து பஸ்ஸுக்கு வந்தது. கிழக்கேயிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஊராகக் கழற்றிக்கொண்டு வருகிறார்களாம். எல்லோரும் ஐவோவின் பிடரியைப் பார்த்தார்கள். தண்டவாளம் போனால் பலகை போகும். பலகை போனால் விதி போகும். விதி போனால் அவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வாசலில் நிறுத்துவான்? பயணிகளுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு அவனுக்கும் தெரிந்திருந்தது. பிடரி சிவந்தது.

விடுப்பு நாளில் அவன் மஸ்க்விச்சை எடுத்துக்கொண்டு தண்டவாளம் கழற்றுகிறவர்களைத் தேடிப் போனான். காட்டுக்குள் எந்திரம் ஒன்று சிலிப்பர் கட்டைகளைப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒரு தடியான ஆள், கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான்.

"பாயுலாவுல சாலையில பதிஞ்சிருக்கற துண்டு..." என்று இழுத்தான் ஐவோ. "அதயும் எடுப்பீங்களா?"

"எல்லாத்தையும்தான்."

"அத மட்டும் விட்டுவைக்க முடியாதா?"

மேஸ்திரி கண்ணைச் சுருக்கினான். அந்த வருஷங்களில் பழைய இரும்பென்றால் கல்லறைச் சிலுவையையே கழற்றிக்கொண்டு போகிற ஆட்கள் இருந்தார்கள். "ஓகோ. ராத்திரி வந்து நீங்க எடுத்துக்கலாம்னா?"

"ஐயையோ, எடுக்கறதுக்கு இல்லீங்க. இருக்கறதுக்கு."

"ரோடு அகலத்துக்குத் தண்டவாளத்த வச்சிக்கிட்டு எந்த ரயிலய்யா வரும்?"

ஐவோ இந்தக் கேள்வியை நியாயமாக எடுத்துக்கொண்டு யோசித்தான். "ரயில் வர வேணாங்க. வருதான்னு கேட்டா போதும்."

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மென்மையாக, உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவதுபோல, "வீட்டுக்குப் போங்க. சூடா ஏதாவது குடிங்க" என்றான். வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டான். சாலைத் துண்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று அன்றே ஆள் அனுப்பினான், திருட்டுப் பயம். ஐவோ வாயைத் திறந்த அபூர்வமான நாட்களில் அதுவும் ஒன்று. பலன் இப்படி.

அடுத்த முறை பஸ் பாயுலாவுக்கு வந்தபோது சாலையில் புதுத் தார், கறுப்பாக, வழவழப்பாக, ஓரத்தில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பலகை இருந்த இடத்தில் ஒரு குழி. வேலியோரம் வல்வே ஃபிளாஸ்க்கோடு நின்றாள்.

மெய்ன்ஹார்டின் வாளியில் மீன்கூட அசையவில்லை. ஐவோ காலை எடுத்துப் பிரேக்கின் மேல் வைத்தான். விதியைத் தேடினான். கிடைக்கவில்லை. காலை எடுத்தான்.

பஸ் தாரின் மேல் தடக்கென்றுகூடச் சொல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பக்கக் கண்ணாடியில் வல்வே சின்னதாகிக்கொண்டே போனாள். கையில் மூடி. மூடியிலிருந்து ஆவி.

ஹாப்சலுவில் லெய்டா எழுந்தாள். இறங்கும்போதுதான் திரும்பினாள். "உங்கப்பாகிட்டேர்ந்து ரயில மாஸ்கோக்காரன் பறிச்சான். உங்கிட்டேர்ந்து யாருடா பறிச்சா? நீயே கழட்டிக் குடுத்துட்ட."

மெய்ன்ஹார்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பையா என்றுகூடச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

மறுநாள் வேலியோரம் யாரும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோழிகள் இருந்தன, புகைபோக்கியில் புகை இருந்தது, ஜன்னலில் திரை இருந்தது. பஸ் நேரத்துக்கு முன்பாகவே ஹாப்சலு போய்ச் சேர்ந்தது. டெப்போ மேலாளர் மகிழ்ந்துபோய் அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்கு எங்கே வலித்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு இலையுதிர்காலத்தின் மூடுபனி வந்தது. கடலிலிருந்து கிளம்பி, நாணல் மேல் படுத்து, காட்டுக்குள் நுழைந்து, சாலையைத் தின்றுவிடுகிற பனி. ஐவோ விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். எங்கே வளைவு, எங்கே பாலம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது. அப்படிப் போய்க்கொண்டிருந்த பஸ் நின்றது.

நிறுத்தியது அவன் இல்லை, அவனுடைய கால். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது எந்தப் பலகையையும் பார்க்காமல், தார் புதுசா பழசா என்று கேட்காமல், நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. ஐவோ தன் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு, நின்றதுதான் நின்றாயிற்று என்பதுபோல எஞ்சினை அணைத்தான். கதவைத் திறந்தான். பனி படியேறி உள்ளே வந்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், தாலின் கோட்டும் தாலின் அவசரமுமாக, "வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"உஷ்" என்றாள் லெய்டா. "ரயில் வருதான்னு கேக்கறார்."

"இங்க ரயிலே கிடையாதே?"

"அதனாலதான் கஷ்டப்பட்டுக் கேக்க வேண்டியிருக்கு. கம்முனு இருங்க."

பனிக்குள் எங்கோ ஒரு ஜன்னல் கிரீச்சிட்டது. "யாரது?" வல்வேயின் குரல். ஆள் தெரியவில்லை. "வண்டி நின்னுபோச்சா?"

"இல்லங்க." ஐவோ படியில் இறங்கி நின்றான். பயணிகள் இருக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழக் கூடாது என்பது டெப்போ விதிகளில் பழையது, தடித்த எழுத்தில் இருப்பது. "ரயில் வருதுங்களா?"

ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது. "தண்டவாளத்தையே காணோம். என்ன ரயிலுங்க?"

"தெரியுங்க."

"தெரிஞ்சா எதுக்கு நிறுத்தினீங்க? அன்னிக்கு நிறுத்தாமத்தான போனீங்க?"

ஐவோ தொப்பியைக் கழற்றினான். போட்டான். திரும்பவும் கழற்றினான். பஸ்ஸுக்குள்ளிருந்து லெய்டாவின் குரல் கொதித்துக்கொண்டு வந்தது: "சொல்லித் தொலையேன்டா!"

"கேக்கத்தாங்க நிறுத்தினேன்."

"எதக் கேக்க?"

"ரயில இல்ல." பனியைப் பார்த்து, யாரும் தெரியாத வெள்ளையைப் பார்த்து, அவன் சொன்னான். "உன்னத்தான்."

மாவட்டத்தில் அத்தனை அமைதி அதற்கு முன் இருந்ததில்லை என்று மெய்ன்ஹார்ட் பிறகு சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரப்பர் பூட்ஸ் ஈரப் புல்லில் நடந்து வரும் சத்தம் கேட்டது. பனியிலிருந்து வல்வே வந்தாள், தோளில் அவசரத்துக்குப் போட்ட ஆண்பிள்ளைக் கோட்டு, கையில் ஒன்றுமில்லை. அவன் எதிரில் வந்து நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"உன்னத்தான்னு சொன்னேன்." குரல் தேய்ந்தது. "தப்புன்னா திரும்ப எடுத்துக்கறே..."

"எடுக்க முடியாது. எங்கயும் அப்படி விதி இல்ல." அவள் பஸ்ஸை ஒருமுறை பார்த்தாள், கண்ணாடி முழுக்க முகங்கள். பிறகு, ஒரு பழைய கேட்டைத் தூக்கிவிடுவதுபோல, சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னிக்குக் காபி போடல. சாயந்தரம் வா. இப்ப போய்க் கதவச் சாத்து, உள்ள இருக்கறவங்களுக்குக் குளிருது."

ஐவோ ஏறினான். கதவைச் சாத்தினான். வண்டியைக் கிளப்பும்போது முதல் கியருக்குப் பதில் பின்கியர் விழுந்து பஸ் ஒரு குதி பின்னால் குதித்தது. யாரும் சிரிக்கவில்லை; சிரிப்பை அடுத்த வளைவு வரை அடக்கிக்கொண்டார்கள். அங்கே மெய்ன்ஹார்ட்தான் தொடங்கினார்.

"பையா. ரயில் வந்துருச்சு போல."

அதற்குப் பிறகும் ஐவோ அங்கே நின்றான். மஞ்சள் வீட்டுக்கே குடிவந்து, காலையில் அவளிடமே காபி குடித்துவிட்டுக் கிளம்பிப்போய், டெப்போவில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போதும், நின்று, திறந்து, எஞ்சினை அணைத்துக் கேட்டான். "ரயில் வருதா?" "வரல, போ." மேலாளர் ஒருமுறை காரணம் கேட்டபோது, "எதிர்ல வர்றது தெரியாத இடம்" என்றான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மற்ற ஓட்டுநர்களும், இங்கே ஏதோ விதி இருக்கிறது என்று நினைத்தோ, நினைக்காமலோ, நிற்கத் தொடங்கினார்கள். பஸ் நின்றால் பின்னால் வரும் பால் வண்டி நிற்கும். பால் வண்டி நின்றால் டாக்டரின் கார் நிற்கும். இன்று பாயுலாவைத் தாண்டும் வண்டிகளில் நிற்காமல் போவது தாலின் வண்டிகள் மட்டும்தான். அவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

ரயிலைத் திரும்பக் கொண்டுவரப் போகிறோம் என்று நடுவில் சிலர் பேசினார்கள், வரைபடம் விரித்தார்கள், பிறகு மடித்து வைத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது ஐவோதான் மிகவும் பயந்துபோனான். "ரயில் உண்மையாவே வந்துட்டா நான் என்ன கேக்கறது?" என்றான். "வந்தா பாத்துக்கலாம். நீ சூப்பக் குடி" என்றாள் வல்வே.

இந்தப் பனிக்காலம் அவன் போய்விட்டான். தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு. எங்கள் வழக்கப்படி வாசலிலிருந்து சாலை வரை ஊசியிலைக் கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். மஞ்சள் வீட்டிலிருந்து சாலைக்கு ஏறினால் உடனே கேட் இருந்த இடம்தான். அமரர் ஊர்தியை ஓட்டியவர் ஹாப்சலுவுக்குப் புதிது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் முன்னால் போன டெப்போ பஸ் நின்றது. ஆகவே அவரும் நின்றார். பஸ் எஞ்சினை அணைத்தது, அவரும் அணைத்தார். பஸ்ஸின் முன்கதவு தும்மிக்கொண்டு திறந்தது. அவர் குழம்பிப்போய், பக்கத்து இருக்கையில் இருந்த வல்வேயைப் பார்த்தார். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். பனி மணத்தோடு குளிர் உள்ளே வந்தது. பின்னால் வரிசையாக நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அணைந்தன. கடைசியில் நின்ற ஒரு தாலின் வண்டி ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தது. லெய்டா இறங்கிப்போய் அதன் கண்ணாடியைத் தட்டினாள். பிறகு அதுவும் அணைந்தது.

வல்வே காட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வலது, இடது. அவசரப்படவில்லை.

"வரல" என்றாள். "நீ போ."

ஓட்டுநர் தனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சாவியைத் திருப்பினார். அவருக்கு எப்படித் தெரியும்? வல்வே முன்பின் தெரியாதவர்களை 'நீங்க' என்றுதான் சொல்வாள்.